மிதித்தால் உடனே உதவ வேண்டும்: வடசென்னை சைக்கிளுக்குப் பெடல் அசிஸ்ட் சென்சார் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

காசிமேட்டில் மீன் எடுத்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கும் என் மாமாவுக்குத்தான் முதன்முதலில் ஒரு சைக்கிளை எலெக்ட்ரிக்காக மாற்றிக் கொடுத்தேன். பழைய 28 இன்ச் கறுப்பு சைக்கிள். ஐஸ் பெட்டியோடு சேர்த்து கேரியரில் 40 கிலோ ஏறும். பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, மாற்றும் பாகங்களை மொத்தமாக விற்கும் கிட்டோடு வந்த, மிதிப்பதை உணரும் பெடல் சென்சார் என்று எல்லாவற்றையும் அப்படியே மாட்டினேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மாமா வந்து சொன்னார்: "இன்னாடா இது, எனக்கு வேணும்னும்போது தூங்குது. நிக்கசொல்ல முழிச்சிக்குது."

சென்சார் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததும் கழற்றி மாட்டிப் பார்த்ததும் எல்லாம் அந்த இரண்டு வரிக்கு விடை தேடித்தான். கிட் வாங்குகிறவர்கள் மோட்டார் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்பியர் என்று கேட்கிறார்கள். சென்சார் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் சைக்கிள் உங்கள் காலுக்குக் கட்டுப்படுமா என்பதை முடிவு செய்வது சென்சாரும், அதைப் படித்து மோட்டாருக்குக் கரண்ட் விடும் கன்ட்ரோலரும்தான். இரண்டையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வைக் கடையில் தொடங்காமல், உங்களிடம் இருக்கும் சைக்கிளின் கிராங்கில், அதாவது பெடல்களைத் தாங்கும் கைகளும் அவை சேரும் அச்சும் உள்ள இடத்தில், தொடங்குங்கள்.

இரண்டு வகை, இரண்டு கேள்வி

கேடன்ஸ் சென்சார் கேட்கும் கேள்வி: "பெடல் சுற்றுகிறதா?" கிராங்க் அச்சில் காந்தங்கள் பதித்த ஒரு பிளாஸ்டிக் வளையம், அதன் எதிரே ஃபிரேமில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார், அவ்வளவுதான். ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் ஒரு துடிப்பு கன்ட்ரோலருக்குப் போகும். நீங்கள் முழு பலத்தோடு மிதித்தாலும் சும்மா காலைச் சுழற்றினாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

டார்க் (முறுக்கு விசை) சென்சார் கேட்பது: "எவ்வளவு அழுத்துகிறாய்?" கிராங்க் அச்சுக்குள்ளேயே, உலோகத்தின் மிக நுண்ணிய முறுக்கத்தை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் இருக்கும். அழுத்தம் கூடக் கூட அது அனுப்பும் வோல்டேஜும் கூடும், மோட்டார் அதற்கேற்ப உதவும். 1993-ல் யமஹா ஜப்பானில் 'பாஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னுதவி சைக்கிளே மிதிக்கும் அழுத்தத்தை அளந்துதான் உதவியது. கேடன்ஸ் சென்சார் பரவலானதற்குக் காரணம் விலையும், எந்த சைக்கிளிலும் மாட்டலாம் என்ற வசதியும்தான்.

இவ்வளவு படித்ததும் டார்க் சென்சார்தான் உயர்ந்தது, அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள்.

முதல் படி: கிராங்கைப் பாருங்கள்

சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கிராங்க் கை அச்சோடு சேரும் இடத்தை உட்கார்ந்து பாருங்கள்.

கிராங்க் கையில் குறுக்காக ஒரு ஆணி அடித்து நட் போட்டிருந்தால் அது காட்டர் பின் கிராங்க். ராயபுரம் முதல் எண்ணூர் வரை பால், தண்ணீர் கேன், மீன் என்று சுமை இழுக்கும் கறுப்பு சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். இந்த அச்சில் கடையில் கிடைக்கும் டார்க் சென்சார் உட்காராது. அச்சு, அதன் பேரிங் உட்காரும் கப், கிராங்க் கை எல்லாவற்றையும் மாற்றினால்தான் முடியும். கேடன்ஸ் சென்சாரிலும், வளையம் இரண்டு துண்டாகப் பிரிந்து அச்சைச் சுற்றிக் கவ்வும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கிராங்க் கையைக் கழற்றாமலே மாட்டிவிடலாம்.

இரண்டு கையும் அச்சும் ஒரே கம்பியை வளைத்துச் செய்ததுபோல் இருந்தால் ஒன்-பீஸ் கிராங்க். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் இதைப் பார்க்கலாம். இதற்கும் பிரிக்கிற வளையம்தான் வழி.

கிராங்க் கையின் நடுவில் போல்ட் மூடி இருந்து, அதைக் கழற்றினால் அச்சின் முனை சதுரமாகத் தெரிந்தால் ஸ்கொயர் டேப்பர். கியர் சைக்கிள்களில் அதிகம் இருப்பது இது. இங்கேதான் டார்க் சென்சாருக்கு இடம் உண்டு. வாங்குவதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள்: கிராங்க் அச்சு நுழையும் பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலம் (68 மில்லிமீட்டரா, 73-ஆ), பழைய அச்சின் மொத்த நீளம். அச்சு குட்டையாகிப் போனால் பல்சக்கரம் ஃபிரேமில் உரசும். நீளமானால் செயின் கோணலாக ஓடி நழுவும்.

இரண்டாம் படி: உங்கள் பாதையில் எத்தனை முறை காலை ஊன்றுகிறீர்கள்

ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை இடம் வரை எத்தனை முறை முழுவதும் நின்று மறுபடி கிளம்புகிறீர்கள்? மாமாவோடு ஒரு காலை நானும் இன்னொரு சைக்கிளில் போய் எண்ணினேன். மூன்று கிலோமீட்டருக்குள் 31 முறை. வாடிக்கையாளர் வாசல், லாரி வழிமறிப்பு, சந்து முனை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். வடசென்னை தட்டையான ஊர். பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் மேம்பாலம் மாதிரி சில இடங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. அதனால் நமக்குச் சிரமம் மேட்டில் இல்லை, கிளம்புவதில்தான் இருக்கிறது.

அந்தச் சிரமத்தைக் கணக்காகப் பார்க்கலாம். கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். கியர் மாற்ற வழியில்லை. நின்ற இடத்திலிருந்து 40 கிலோ சுமையை இதே பாரமான கியரில்தான் இழுத்தாக வேண்டும். இப்போது கேடன்ஸ் சென்சாரை நினையுங்கள். வளையத்தில் 8 காந்தம் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 45 டிகிரி. பெடல் உண்மையாகவே சுற்றுகிறது என்று நம்ப கன்ட்ரோலர் மூன்று துடிப்புக்குக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பெடல் 135 டிகிரி சுற்றிவிடும், வண்டி 2 மீட்டர் நகர்ந்துவிடும். மிகக் கஷ்டமான அந்த 2 மீட்டரையும் மாமா தன் முழங்காலால் தள்ளியிருக்கிறார், ஒரே காலையில் 31 முறை. "வேணும்னும்போது தூங்குது" என்று அவர் சொன்னது இதைத்தான்.

12 காந்த வளையத்தில் அதே மூன்று துடிப்பு 90 டிகிரியில் வந்துவிடும், அதாவது 1.35 மீட்டர். 5 காந்தம் உள்ள மலிவான வளையத்தில் 3 மீட்டரைத் தாண்டும். ஆகவே கேடன்ஸ் சென்சார்தான் என்று முடிவானால் 12 காந்தத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். கடையில் வளையத்தைக் கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள்.

12 காந்தமும் முதல் ஒரு மீட்டருக்கு உதவாது. அதற்குச் சுலபமான தீர்வு கட்டைவிரல் த்ராட்டில், அதாவது ஹேண்டில்பாரில் விரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர். கிளம்பும்போது இரண்டு நொடி அழுத்தி, வண்டி உருண்டதும் விட்டுவிட்டு மிதிக்கலாம். த்ராட்டில் வைத்தால் லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, சரியான பிரேக்கும் ஒளி திருப்பும் பட்டைகளும் இருந்து, இவற்றை விதி 126 சொல்லும் சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்புதல் தந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பெடல் அசிஸ்ட் வண்டிக்கு அதே விதி இன்னொன்றும் சேர்க்கிறது: வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்துகொண்டே வந்து நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். கன்ட்ரோலரில் வேக வரம்பை 25-க்குக் கீழே வைத்துவிடுங்கள். 500 வாட், 750 வாட் கிட்டைச் சைக்கிளில் மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விதி ஒரு காரணம், நம் சைக்கிளின் பிரேக் இன்னொரு காரணம்.

மூன்றாம் படி: கன்ட்ரோலர்தான் பாதி சென்சார்

இதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். ஒரே கேடன்ஸ் சென்சாரை இரண்டு கன்ட்ரோலரில் மாட்டினால் இரண்டு வேறு வண்டிகள் போல ஓடும்.

மலிவான கன்ட்ரோலர்கள் அசிஸ்ட் லெவலை (எவ்வளவு உதவி வேண்டும் என்று பட்டனில் நாம் வைக்கும் எண்ணை) ஒரு வேகமாக எடுத்துக்கொள்ளும். லெவல் 2 என்றால் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் சுற்றத் தொடங்கியதும் அந்த வேகத்தை எட்டும்வரை முழு கரண்டையும் தள்ளும். சந்தைக் கூட்டத்தில் மெதுவாக உருட்ட நினைத்தால் வண்டி பாயும், எட்டியதும் சுத்தமாகக் கைவிட்டுவிடும். நல்ல கன்ட்ரோலர் லெவலை கரண்டாக எடுத்துக்கொள்ளும். லெவல் 1-இல் கொஞ்சம் கரண்ட், லெவல் 3-இல் கூடுதல் கரண்ட், வேகம் உங்கள் காலைப் பொறுத்தது. கால் வேகத்தைக் கூட்டினால் உதவியும் கூடும்படி அமைத்தவையும் உண்டு. கேடன்ஸ் சென்சாரோடு இப்படி ஒரு கன்ட்ரோலர் சேர்ந்தால், என் அனுபவத்தில், டார்க் சென்சார் தரும் சுகத்தில் முக்கால்வாசி வந்துவிடுகிறது.

கடையில் கேட்க வேண்டியவை: லெவல் வேகத்தைக் கட்டுப்படுத்துமா, கரண்டையா? டிஸ்பிளேவில் சென்சார் வகையையும் உதவி தொடங்கும் வேகத்தையும் மாற்ற முடியுமா? டார்க் சென்சாருக்கு இன்புட் உண்டா? கேடி (KT) என்ற பெயரில் வரும் கன்ட்ரோலர்களில் டிஸ்பிளேயில் 'சி1' என்ற அமைப்பு பெடல் சென்சாருக்கானது. கிட்டின் கையேட்டைப் பார்த்துச் சரியான எண்ணை வைக்காவிட்டால் 12 காந்தம் வாங்கியும் பயனில்லை. இந்தக் கேள்விகளுக்கு "எல்லாம் வரும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒருமுறை டார்க் சென்சார் போடலாம் என்று சொல்லி எனக்கு விற்ற கன்ட்ரோலரில் அதற்கான ஒயரே இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன் கனெக்டரைக் கண்ணால் பாருங்கள்.

அப்படியானால் டார்க் சென்சார் யாருக்கு?

ஸ்கொயர் டேப்பர் சைக்கிள் வைத்திருப்பவர், தினமும் தானே மிதிக்க விரும்புபவர், நின்று நின்று போகாமல் நீளமாக ஓட்டுபவர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக வேலைக்குப் போகும் என் நண்பர் ஒருவர் இதற்குச் சரியான உதாரணம். கோடை மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கும். மாலையில் தெற்கே திரும்பும்போது அது எதிர்க்காற்று. காற்று பலமாக அடிக்கும்போது அவர் தானாகவே அழுத்தி மிதிக்கிறார், மோட்டாரும் கூடுதலாக உதவுகிறது. காற்று தணிந்தால் அதுவும் தணிகிறது. லெவலை மாற்ற அவர் பட்டனைத் தொடுவதே இல்லை. கண்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டும்போது கை ஹேண்டில்பாரை விட்டு நகராமல் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கிளம்பும்போதும் பெடலில் கால் அழுத்தியதுமே உதவி வந்துவிடுகிறது, அந்த ஒன்றரை மீட்டர் தூக்கம் கிடையாது.

வாங்கும்போது கவனிக்க: சில மலிவான டார்க் சென்சார்கள் இடது காலின் அழுத்தத்தை மட்டுமே அளக்கும். வலது காலுக்கு உதவி குறைந்து, வண்டி நொண்டுவதுபோல் இருக்கும். இரண்டு காலையும் அளப்பதா என்று கேட்டே வாங்குங்கள். சென்சார் தரும் வோல்டேஜ் வீச்சு மாடலுக்கு மாடல் மாறும். சும்மா இருக்கும்போது ஒன்றரை வோல்ட், அழுத்தினால் மூன்று வோல்ட் என்பது ஒரு வகை. கன்ட்ரோலர் அதே வீச்சை எதிர்பார்ப்பதாக இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் பார்க்கும் தலைவலியே வேண்டாம் என்றால், கிராங்க் இடத்தில் உட்காரும் மிட் டிரைவ் மோட்டார் இருக்கிறது. டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2-இல் டார்க் சென்சார் உள்ளேயே வருகிறது. பாஃபாங்கின் பிபிஎஸ்02 போன்றவற்றில் இருப்பது கேடன்ஸ்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், குழம்பிவிடாதீர்கள்.

முழங்கால் வலியோ மூச்சு வாங்குவதோ உள்ள பெரியவருக்கு டார்க் சென்சார் போடாதீர்கள். அழுத்த முடியாதவருக்கு அழுத்தினால்தான் உதவுவேன் என்று சொல்லும் கருவி அது. அவர்களுக்குக் கேடன்ஸ்தான் இரக்கமுள்ளது. லேசாகச் சுழற்றினால் போதும்.

நான்காம் படி: பிரேக் கட்-ஆஃப்

மாமாவின் இரண்டாவது புகாருக்கு வருகிறேன். காலை நிறுத்தியதை கேடன்ஸ் சென்சாரால் நேரடியாகச் சொல்ல முடியாது. அடுத்த துடிப்பு வராததை வைத்துக் கன்ட்ரோலரே ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கு அரை நொடி ஆனால், 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கிட்டத்தட்ட 2.8 மீட்டர் மோட்டாரோடு முன்னே போயிருக்கும். சந்து முனையில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்த 2.8 மீட்டர்தான் எல்லாம். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாரை அணைக்கும் ஸ்விட்ச் இல்லாமல் கேடன்ஸ் சென்சார் வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்க மாட்டேன்.

கிட்டோடு வரும் கட்-ஆஃப் லீவர் கேபிள் பிரேக்குக்கானது. நம் கறுப்பு சைக்கிளில் இருப்பதோ கம்பி பிரேக், லீவரை மாற்ற இயலாது. அதற்குக் காந்தம் ஒட்டும் தனி பிரேக் சென்சார் கிடைக்கிறது. லீவரில் சின்னக் காந்தம், ஹேண்டில்பாரில் சென்சார். லீவர் ஒரு விரல் அளவு நகர்ந்ததுமே மோட்டார் அணையும்படி ஒட்டுங்கள், பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்பே அணைந்துவிட வேண்டும். இரண்டு லீவருக்கும் போடுங்கள்.

ஐந்தாம் படி: மாட்டுவது

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேடன்ஸ் வளையத்தின் ஒரு முகத்தில் அம்புக்குறியோ எந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும் என்ற குறியோ இருக்கும். திருப்பி மாட்டினால் பின்னோக்கி மிதிக்கும்போது மட்டும் மோட்டார் ஓடும். வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். பழைய ஏடிஎம் கார்டு மூன்றை அடுக்கி நடுவில் நுழைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். கிராங்கை முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசாததை உறுதி செய்யுங்கள்.

காட்டர் பின்னைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், கிராங்க் கைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரைவரை முட்டுக் கொடுத்து அடியுங்கள். இல்லாவிட்டால் அந்த அடியெல்லாம் பேரிங் குண்டுகள் மேல் விழும். ஸ்கொயர் டேப்பருக்கு, கிராங்க் கையை இழுத்துக் கழற்றும் கிராங்க் புல்லர் வேண்டும், வலப்பக்கக் கப்புக்குத் தலைகீழ் மரை என்பதும் நினைவிருக்கட்டும். இந்த வேலைக்கு நல்ல சைக்கிள் கடை அண்ணனிடம் கூலி கொடுத்துச் செய்வது கேவலம் இல்லை. மரையைக் கெடுத்தால் ஃபிரேமே போய்விடும்.

கேடன்ஸ் சென்சாரில் மூன்று ஒயர் இருக்கும்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், மூன்றாவது நிறம் ஒவ்வொரு கிட்டிலும் வேறு. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இணைத்து பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, சிக்னல் ஒயரில் அளந்தபடி கிராங்கை மெதுவாகச் சுற்றினால் 0-வுக்கும் கிட்டத்தட்ட 5-க்கும் இடையே தாவ வேண்டும். தாவாவிட்டால் முதலில் இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம். டார்க் சென்சார் வண்டியில், ஸ்விட்ச் போடும்போது பெடலில் கால் இருக்கக் கூடாது. பல சென்சார்கள் அந்த நொடியில் இருக்கும் அழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் வழி முழுக்க உதவி குறைவாகவே இருக்கும்.

உப்பும் தண்ணீரும்

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசித்தால் கனெக்டர்தான் முதலில் சாகும். பிளாஸ்டிக் கவ்வு மட்டும் உள்ள கனெக்டருக்குள் உப்புக் காற்று புகுந்து பச்சை பூத்துவிடும். பிறகு சென்சார் விட்டு விட்டு வேலை செய்யும். முடிந்தால் ரப்பர் வளையத்தோடு திருகி அழுத்தும் வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் உள்ள கிட் வாங்குங்கள். இல்லையென்றால் உள்ளே சிலிக்கான் கிரீஸ் வைத்து, மேலே சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். ஒயர் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் கிராங்க் உயரத்துக்கு நிற்கும். இறங்கித் தள்ளுங்கள், அதுவும் பேட்டரியை அணைத்துவிட்டு. கேடன்ஸ் வளையம் நனைந்தால் துடைத்தால் போதும், டார்க் சென்சாருக்குள் தண்ணீர் இறங்கினால் புதிதுதான் வாங்க வேண்டும். ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் தேங்கும் தெருவில் இருப்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே கேடன்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். லேத் பட்டறைகள் உள்ள தெருவில் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை வளையத்தைத் துணியால் துடையுங்கள், காந்தத்தில் இரும்புத் தூள் சேர்ந்திருக்கும்.

ஆறாம் படி: சுமையோடு ஓட்டிப் பாருங்கள்

வெறும் சைக்கிளில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் தினமும் ஏற்றும் சுமையை ஏற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத விடிகாலைத் தெருவில் மூன்று சோதனை செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, மோட்டார் உதவி எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். அடுத்து, ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஒரு கோட்டில் மிதிப்பதை நிறுத்தி, மோட்டார் எங்கே அடங்குகிறது என்று குறியுங்கள். மூன்றாவதாக, அதே இடத்தில் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். அமைப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இந்தக் கோடுகளை அளந்தால் எது சரியாகிறது என்று தெளிவாகத் தெரியும்.

மாமாவின் வண்டியில் இப்போது இருப்பது 12 காந்தப் பிரிக்கும் வளையம், கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், கட்டைவிரல் த்ராட்டில், இரண்டு பிரேக் லீவரிலும் காந்த சென்சார். டார்க் சென்சார் போடவில்லை. காட்டர் பின் அச்சை அப்படியே விட்டுவிட்டோம். சாக்பீஸ் கோட்டில் பார்த்தால் உதவி ஒன்றரை மீட்டருக்குள் தொடங்குகிறது, பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் சத்தம் நின்றுவிடுகிறது. போன வாரம் பார்த்தபோது மீன் பெட்டிக்குப் பக்கத்தில் அத்தையையும் உட்கார வைத்துக்கொண்டு டபுள்ஸ் வந்துகொண்டிருந்தார்.